டிஆர்-808: இந்தப் பழைய பெட்டிக்கு இத்தனை விலை கொடுக்கலாமா?

ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் மெஷினான டிஆர்-808இன் ஒலி இன்று எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த இசை மென்பொருளை நிறுவினாலும் உள்ளே ஒரு 808 கிட் இருக்கும். ஆனால் 1980 முதல் 1983 வரை தயாரான அசல் பெட்டிக்கு, ஓரளவு நல்ல நிலையில் இருந்தாலே, 4,000 டாலருக்கு மேல் விலை பேசுகிறார்கள். மொத்தம் சுமார் 12,000 பெட்டிகளோடு தயாரிப்பு நின்றுபோனது. எண்ணிக்கை இனிக் கூடாது, பழுதாகி விழுவதால் குறையத்தான் செய்யும்.

இந்த விலைக்குப் பெட்டி தகுமா? பாஸ் டிரம்மின் அந்த ஆழமான அடி மட்டும் வேண்டுமென்றால் தகாது, சாம்பிளே (பதிவுசெய்து வைத்த ஒலித்துண்டே) போதும். பெட்டியை ஓடவிட்டு, ஓடும்போதே நாப்களைத் திருப்பி, அதை அப்படியே பதிவுசெய்து பாட்டு கட்டுகிறவருக்குத் தகும். சர்வீஸ் செலவை முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டில்தான் இருக்கிறது.

808 வந்த அதே 1980இல் ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 என்ற டிரம் மெஷினும் வந்தது. அதில் நிஜ டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து சிப்பில் ஏற்றியிருந்தார்கள். விலை ஏறக்குறைய 5,000 டாலர். 808இன் விலை 1,195 டாலர். மெமரி சிப் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. ரோலண்ட் பொறியாளர்கள் சாம்பிளை விட்டுவிட்டு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி அனலாக் சர்க்யூட்டாகவே கட்டினார்கள். "டிரம் மாதிரியே இல்லை" என்பது அன்றைக்குப் பெரிய குறை. அதனாலேயே செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாக வந்தது, கையில் காசில்லாத ஹிப்-ஹாப், டெக்னோ இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1982இல் ஹிப்-ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் பாடகர் மார்வின் கேயும் அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தார்கள். அதே 1982இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் இதையும் ரோலண்டின் பேஸ் சிந்தசைசரான டிபி-303ஐயும் சேர்த்து வைத்துக்கொண்டு ராகங்களைப் பதிவுசெய்தார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு நடன இசை வகை உருவாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த வேலை அது.

பெட்டி சுமார் அரை மீட்டர் அகலம், 5 கிலோ எடை. அடிவரிசையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நான்கு நான்காக 16 ஸ்டெப் பட்டன்கள், ஒவ்வொன்றும் தாளச்சுற்றில் ஓர் இடம். மேலே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பத்தி. லெவல் நாப் எல்லாவற்றுக்கும் உண்டு. பாஸ் டிரம்முக்கு டோனும் டிகேயும் (ஒலி அடங்கும் நேரம்), ஸ்னேருக்கு டோனும் ஸ்னாப்பியும் (இரைச்சலின் அளவு), டாம்களுக்கு ட்யூனிங், சிம்பலுக்கு டோனும் டிகேயும், ஓபன் ஹாட்டுக்கு (திறந்த ஹை-ஹாட்) டிகே. மற்றவற்றில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஒலிகள் மொத்தம் 16. ஆனால் மூன்று டாம்களும் மூன்று காங்காக்களும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ரிம்ஷாட்டும் கிளேவ்ஸும் ஒரு சுவிட்சில், கைத்தட்டலும் மராக்காஸும் இன்னொரு சுவிட்சில். ஆக, ஒரே நேரத்தில் 11 ஒலிகள்தான்.

சாம்பிள் தராதது எது?

பாஸ் டிரம்மை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது பிரிட்ஜ்டு-டி என்ற வகை சர்க்யூட். கோயில் மணியை ஒரு தட்டு தட்டினால் அது தானே அதிர்ந்து அடங்குகிறது அல்லவா, அதே வேலை. ஒரு சின்ன மின்துடிப்பு பட்டதும் சர்க்யூட் சுமார் 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து மெல்ல அடங்கும். எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை டிகே நாப் சொல்கிறது.

முதல் அடி அடங்குவதற்குள் இரண்டாவது துடிப்பு வந்துவிட்டால் என்ன ஆகும்? ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைத் தள்ளுவதுதான். போகிற போக்கில் தள்ளினால் ஆட்டம் கூடும், எதிரே வரும்போது தள்ளினால் தடைபடும். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 தாள அடி) வேகத்தில் ஒரு பதினாறாம் பாகம், அதாவது ஒரு ஸ்டெப், 120 மில்லிநொடி, அதாவது சரியாக 6 சுற்று. இரண்டாவது அடி முதல் அடியின் மேல் ஒத்து விழுந்து பெருக்கும். வேகத்தை 120க்கு இறக்குங்கள். இப்போது பதினாறாம் பாகம் 125 மில்லிநொடி, ஆறேகால் சுற்று. அடி கொஞ்சம் விலகி விழுகிறது, குணமும் மாறுகிறது. டிகேயை முக்கால்வாசி திருப்பி, 1, 3, 4ஆம் ஸ்டெப்புகளில் பாஸ் டிரம்மைப் போட்டுவிட்டு டெம்போ நாபை மெல்ல நகர்த்தினால் இது காதிலேயே தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் உதிரிப்பாகங்களின் அளவு சற்று முன்பின் இருப்பதால் 50 என்பது 48 ஆகவோ 52 ஆகவோ இருக்கலாம். எந்த வேகத்தில் அடி கெட்டியாக விழுகிறது என்பதும் அதற்கேற்ப மாறும். சாம்பிள் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குகிறது. முந்தைய அடி அதற்குத் தெரியாது.

ஹை-ஹாட்டிலும் சிம்பலிலும் வேறு விதமான நுணுக்கம். ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்கள் (அலையை உருவாக்கும் சர்க்யூட்டுகள்) உள்ளே எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சுமார் 205, 304, 370, 523, 540, 800 ஹெர்ட்ஸ். ஒன்றுக்கொன்று இசையாத எண்கள் என்பதால் சேரும்போது உலோகத்தின் கரகரப்பு வருகிறது. ஸ்டெப் வரும்போது அந்த ஓட்டத்துக்கு ஒரு கதவு திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். கதவு திறக்கும் கணத்தில் ஆறும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அடிக்கு அடி வேறு. பதினாறு ஹாட்களை வரிசையாகப் பதிவுசெய்து அலைவடிவத்தை உருப்பெருக்கிப் பாருங்கள், இரண்டு ஒன்றாக இருக்காது. நான்கு நிமிடப் பாட்டில் ஒரே ஹாட் ஓடிக்கொண்டே இருந்தும் காது சலிக்காமல் இருப்பதற்குக் காரணம் இது.

கவ்பெல் ஒலி அந்த ஆறில் இரண்டிலிருந்துதான் வருகிறது: 540, 800. இந்த இரண்டையும் உள்ளே இருக்கும் டிரிம்மர் என்ற சின்னத் திருகை வைத்துத் திருத்த முடியும். யாரோ ஒருவர் காதால் கேட்டுத் திருத்தி வைத்திருந்தால் கவ்பெல் மட்டுமல்லாமல் ஹாட்டும் சிம்பலும் சேர்ந்தே மாறியிருக்கும். "என் பெட்டியில் ஹாட் வேறு மாதிரி இருக்கிறதே" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கைத்தட்டல் ஒலிக்கு மூலம் வெறும் இரைச்சல். அதை ஒரு ஃபில்டரில் வடிகட்டி, சுமார் 10 மில்லிநொடி இடைவெளியில் சில முறை வேகமாக வெட்டி, பின்னால் ஒரு சின்ன வால் சேர்க்கிறார்கள். பல கைகள் முன்னும் பின்னுமாகத் தட்டிய உணர்வு அந்த வெட்டுகளிலிருந்து வருகிறது, அறையின் எதிரொலி வாலிலிருந்து வருகிறது. இந்த இரைச்சலைத் தருவது ஒரு டிரான்சிஸ்டர். இரைச்சல் அதிகம் என்று தரம் பிரித்து எடுத்த 2எஸ்சி828 வகை. "குறைபாடுள்ள டிரான்சிஸ்டரால்தான் 808இன் சிம்பல் அப்படிச் சிணுங்குகிறது" என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. அந்த இரைச்சல் போய்ச் சேர்வது ஸ்னேர், கைத்தட்டல், மராக்காஸ், டாம்களின் வால் ஆகிய இடங்களுக்கு. சிம்பல் முழுக்க முழுக்க அந்த ஆறு ஆஸிலேட்டர்களின் வேலை. விற்பவர் இந்தக் கதையைச் சொல்லி விலையை ஏற்றினால் ஏமாற வேண்டாம். அதே சமயம் அந்த டிரான்சிஸ்டரை மாற்றிய பெட்டியா என்று கட்டாயம் கேளுங்கள். மாற்றியிருந்தால் ஸ்னாப்பி நாபைத் திருப்பும்போது ஸ்னேரில் வரும் மணல் சரிவது போன்ற ஒலி மெலிந்திருக்கலாம், முரடாகவும் ஆகியிருக்கலாம்.

இன்னொரு விஷயத்தில் தெளிவு வேண்டும். இன்று "808" என்று இசை புரொட்யூசர்கள் சொல்வது பெரும்பாலும் நீண்ட பேஸ் நோட்டை. பாஸ் டிரம்மை சாம்பிள் எடுத்து, நீட்டி, சுருதி மாற்றி, டிஸ்டார்ஷன் சேர்த்து உருவாக்கியது அது. அசல் பெட்டியில் பாஸ் டிரம்முக்கு ட்யூனிங் நாபே கிடையாது. சுமார் 50 ஹெர்ட்ஸ் என்றால் கீபோர்டில் கீழ் ஜியை ஒட்டிய சுருதி. டிகேயை நீளமாக வைத்துவிட்டு ஏ-பிளாட்டில் ஒரு பாட்டு போட்டால் அடித்தளம் அரைச் சுருதி விலகி உரசும். வழி இரண்டு: டிகேயைக் குறைப்பது, அல்லது பதிவுசெய்த பிறகு சுருதி மாற்றுவது. நீண்ட பேஸ் நோட்டுதான் தேவை என்றால் இந்தப் பெட்டிக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

சீக்வென்சர் பற்றி

அடிகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் பகுதிதான் சீக்வென்சர். ஸ்டெப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், அந்த இடத்தில் அடி விழும். இன்றைக்கு எல்லாக் கருவிகளிலும் இருக்கும் இந்த முறையைப் பரவலாக்கிய பெட்டிகளில் 808 முக்கியமானது. வாத்தியத்தை ஒரு சுழல் சுவிட்சில் தேர்ந்தெடுத்து, ஓடும்போதே எழுதலாம், அழிக்கலாம். 12 பேட்டர்ன்கள், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு வடிவம், இவை தவிர ஃபில்-இன்கள். ப்ரீ-ஸ்கேல் சுவிட்ச் வைத்து மும்மூன்றாகப் பிரியும் திஸ்ர நடைக்கும் மாறலாம். பேட்டர்னின் நீளத்தை 16க்குக் குறைவாகவும் வைக்க முடியும். 14 ஸ்டெப் வைத்தால் மிஸ்ர சாபு, 10 வைத்தால் கண்ட சாபு. நம் ஊர் தாளத்தில் வேலை செய்பவர்கள் இதை அவசியம் முயன்று பார்க்க வேண்டும்; காங்காக்களின் ட்யூனிங்கை விரலால் நகர்த்திக்கொண்டே ஏழில் ஓடவிட்டால் கிடைக்கிற ஓட்டம் சாம்பிளை வைத்து எழுதுவதில் எளிதில் வராது.

குறைகளும் உண்டு. ஸ்விங் (ஒன்றுவிட்ட அடிகளைச் சற்றுத் தாமதித்துத் தரும் ஆட்டம்) கிடையாது. அது அடுத்து வந்த ரோலண்ட் டிஆர்-909இல்தான் சேர்ந்தது. அக்சென்ட் (அடியை அழுத்திக் காட்டுவது) ஒரு ஸ்டெப்புக்கு ஒன்று மட்டுமே. அந்த ஸ்டெப்பில் விழும் எல்லா ஒலிகளும் சேர்ந்தே எழும். ஸ்னேரை மட்டும் அழுத்தி, கூடவே விழும் ஹாட்டை மெலிதாக விடுவது நடக்காது. வேகத்தைக் காட்டும் திரையும் இல்லை. நான்கு பார் (16 தாள அடி) பதிவுசெய்து, 960ஐ அந்த நேரத்தின் நொடிக்கணக்கால் வகுத்தால் பிபிஎம் கிடைக்கும். 7.8 நொடி வந்தால் 123. உள் கடிகாரம் அனலாக் என்பதால் பெட்டி சூடேறும்போது வேகம் சற்று நகரும். பதிவுக்கு முன் அரை மணி நேரமாவது ஓடவிட்டு வையுங்கள்.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை

நேரில் போனால் முதலில் பெட்டியைத் திருப்பி பேட்டரி அறையைத் திறங்கள். மெமரியைக் காப்பதற்கு மூன்று டபுள்-ஏ பேட்டரிகள் உண்டு. பல ஆண்டுகள் எடுக்காமல் விட்ட பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தால், தகட்டோடு நின்றதா அல்லது வயர் வழியாக உள்ளே போர்டு வரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகடு மட்டும் என்றால் மாற்றிவிடலாம். போர்டில் தாமிரக் கோடுகள் பச்சையாகியிருந்தால் விலையைக் கணிசமாகக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அடுத்து மெமரி. ஒரு பேட்டர்ன் எழுதி, பெட்டியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எழுதியது அப்படியே இருக்க வேண்டும். எல்லாமே போயிருந்தால் பேட்டரியோ அதன் தகடோ காரணமாக இருக்கும், சின்ன வேலை. அங்கங்கே ஸ்டெப்புகள் தானாக முளைத்திருந்தாலோ சில இடங்களில் மட்டும் காணாமல் போயிருந்தாலோ மெமரி சிப் மேல் சந்தேகம் வர வேண்டும். மெமரி சிப் பழைய சரக்காகத் தேடினால் கிடைக்கும். மூளையாக இருக்கும் என்இசி 4-பிட் பிராசஸர் அப்படியல்ல, அதன் நிரல் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பதிக்கப்பட்டது. அது போனால் இன்னொரு செத்த 808இலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்த பட்டனுக்கும் பதில் சொல்லாமல் விளக்குகள் மட்டும் உறைந்து நிற்கும் பெட்டியை "சின்ன ரிப்பேர்தான்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

பிறகு பட்டன்கள். ரிம்ஷாட்டை வைத்துக்கொண்டு 16 ஸ்டெப்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். தேய்ந்த சுவிட்ச் ஒரு அழுத்தத்தை இரண்டாக எண்ணும். விளக்கு எரிந்து உடனே அணையும். சுவிட்சுகளை மாற்றுவது கடினமில்லை. ஆனால் 16ஐயும் சேர்த்து மாற்றுவதுதான் சரி, ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்தில் இருப்பது போகும். போர்டை முழுக்கக் கழற்ற வேண்டும், பழைய போர்டில் தாமிரத் திட்டுகள் சூட்டில் பெயர்ந்துவிடும், சாலிடரிங்கில் தேர்ந்த கை தேவை.

நாப்களைத் திருப்பும்போது கரகரப்பு வருவது இந்த வயதுப் பெட்டிக்கு இயல்பு. தூசியும் ஈரப்பதமும்தான் காரணம், காண்டாக்ட் கிளீனர் பெரும்பாலும் சரிசெய்துவிடும். டாம்-காங்கா தேர்வு சுவிட்சுகளை இங்கும் அங்கும் பத்து முறை தள்ளுங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் அதே கதை, அதே மருந்து. பின்னால் இருக்கும் தனி அவுட்புட் ஜாக்குகள் ஒவ்வொன்றிலும் வயரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். சாலிடர் விட்ட ஜாக் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

எல்லா லெவல் நாப்களையும் பூஜ்யத்தில் வைத்து மாஸ்டரை முழுதாக ஏற்றினால் தாழ்வான ரீங்காரம் கேட்கிறதா? பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். இது வரத்தான் செய்யும். நாற்பது வயதுக் கெபாசிட்டர்களை வாங்கியவுடன் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. பாகங்கள் மலிவு, சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். 105 டிகிரி ரகமாகப் பார்த்து, அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் அளவில் வாங்குங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: பவர் சப்ளையில் இருப்பதை மாற்றுங்கள், ஒலி உருவாகும் சர்க்யூட்டுகளில் இருக்கும் ஃபிலிம் கெபாசிட்டர்களைத் தொட விடாதீர்கள். பாஸ் டிரம்மின் 50 ஹெர்ட்ஸைத் தீர்மானிப்பதே அவைதான். "எல்லாம் புதுசு போட்டாச்சு" என்று சொல்லி விற்கும் பெட்டியில் அவற்றையும் மாற்றியிருந்தால் ஒலியை நன்றாகக் கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

மாற்றங்கள் செய்த பெட்டிகள் நிறைய உலவுகின்றன. மிடி (இசைக்கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை) சேர்த்தது, பாஸ் டிரம்முக்கு ட்யூனிங் நாப் வைத்தது, டிகேயை நீட்டியது. உபயோகத்துக்கு இவை நல்லவை. ஆனால் முகப்பில் துளை போட்டிருந்தால் மறுவிற்பனை விலை குறையும். துளையில்லாமல், பழையபடி திரும்ப மாற்றக்கூடிய விதத்தில் செய்த மாற்றம் என்றால் தயங்க வேண்டாம்.

மின்சாரம். பின்புறத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். ஜப்பானில் விற்றது 100, அமெரிக்காவில் விற்றது 117. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மரே கருகலாம். பெட்டி குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு, 50 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளமாகப் போதும். 100 வோல்ட் பெட்டிக்கு 100 வோல்ட் தருவதையே வாங்குங்கள், கடையில் எளிதில் கிடைக்கும் 110 வேண்டாம். கூடுதல் வோல்ட் உள்ளே சூடாக மாறும், பழைய ரெகுலேட்டர்களின் ஆயுள் குறையும்.

கம்ப்யூட்டரோடு இணைப்பது

மிடி வந்தது 1983இல். 808இல் இருப்பது அதற்கு முந்தைய டின் சிங்க், கருவிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் முறை. ஐந்து முள் ஜாக், பார்க்க மிடி போலவே இருக்கும். இரண்டாவது முள் கிரவுண்ட், ஒன்றாவது முள் ஸ்டார்ட்-ஸ்டாப், மூன்றாவது முள் கிளாக். ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. மிடியிலிருந்து டின் சிங்குக்கு மாற்றும் ஒரு சின்னப் பெட்டி (கன்வெர்ட்டர்) வாங்க வேண்டியிருக்கும்.

இங்கே பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. சாதாரண மிடி கேபிள்கள் பலவற்றில் 2, 4, 5 முள்களுக்கு மட்டும்தான் வயர் இருக்கும். டின் சிங்குக்குத் தேவையான 1, 3 இரண்டும் உள்ளே காலியாக இருக்கும். கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், பெட்டி அசையாது. ஐந்து முள்ளுக்கும் வயர் உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு முள்ளாகச் சோதியுங்கள்.

இரண்டாவது பிரச்சினை, ஓடத் தொடங்கும்போது முதல் ஸ்டெப் விழாமல் போவது. ஸ்டார்ட் சிக்னல் வந்து சில மில்லிநொடி கழித்துத்தான் முதல் கிளாக் துடிப்பு வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் பெட்டி முதல் துடிப்பைத் தவறவிடும். கன்வெர்ட்டரில் ஸ்டார்ட் டிலே அமைப்பு இருந்தால் அதைக் கூட்டுங்கள்.

ஸ்விங் இல்லாத குறையையும் இதே வழியில் தீர்க்கலாம். ஒரு பதினாறாம் பாகத்துக்கு 6 துடிப்புகள். கிளாக்கையே ஸ்விங் செய்து அனுப்பும் கன்வெர்ட்டர் என்றால், ஒரு ஆறை இழுத்தும் அடுத்த ஆறை நெருக்கியும் தரும். 808 அதை அப்படியே பின்தொடரும்.

பதிவுசெய்யும்போது தாமதத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். ரிம்ஷாட்டை நான்கு கால் நோட்டுகளிலும் போட்டு, மென்பொருளின் கிளிக்கோடு சேர்த்துப் பதிவுசெய்து, உருப்பெருக்கிப் பார்த்து எத்தனை மில்லிநொடி பின்தங்கியிருக்கிறது என்று குறித்து, பதிவை அந்த அளவு முன்னதாகத் தொடங்கும்படி நகர்த்துங்கள். ரிம்ஷாட்டைச் சொல்வதற்குக் காரணம், அதன் தொடக்கம்தான் ஊசிமுனை போல இருக்கும்.

எட்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் பாஸ் டிரம், ஸ்னேர், கைத்தட்டல், இரண்டு ஹாட்கள், சிம்பல், கவ்பெல் ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். நேராக லைன் இன்புட்டில் செருகலாம். உச்சம் மைனஸ் 10 டெசிபல் அளவில் நிற்கட்டும். டிகேயும் அக்சென்ட்டும் சேரும்போது பாஸ் டிரம் எதிர்பாராமல் எகிறும். ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களில் 50 ஹெர்ட்ஸ் மெலிந்தே கேட்கும். அதை நம்பி லெவலை ஏற்றிவிட்டால் கார் ஸ்பீக்கரில் பாட்டே மூழ்கிவிடும். நல்ல ஹெட்போனிலும் ஒருமுறை கேளுங்கள்.

இரண்டு பார் மட்டும் எடுத்து லூப் போடுவது இந்தப் பெட்டியை வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் செய்துவிடும். முழுப் பாட்டின் நீளத்துக்கும் ஓடவிட்டு, ஒரு கையை ஸ்னாப்பியிலும் மற்றொரு கையை ஓபன் ஹாட்டின் டிகேயிலும் வைத்துக்கொண்டு பதிவுசெய்யுங்கள். பாட்டு எழும் இடத்தில் ஹாட்டை நீட்டி, அடங்கும் இடத்தில் சுருக்கினால், தனியாக எடிட்டிங் செய்யாமலேயே அசைவு வந்துவிடும்.

மாற்று வழிகள்

பணம் எட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெரிங்கரின் ஆர்டி-8. 2019இல் வந்தது, உள்ளே நிஜ அனலாக் சர்க்யூட், 64 ஸ்டெப் சீக்வென்சர், தனி அவுட்புட்கள், மிடி, யுஎஸ்பி எல்லாம் உண்டு. விலை அசல் 808இல் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். மேலே சொன்ன ஊஞ்சல் கணக்கும் ஓயாமல் ஓடும் ஆஸிலேட்டர்களும் இதிலும் அப்படியே வேலை செய்யும். பாட்டு செய்வதுதான் நோக்கம், சேகரிப்பு இல்லை என்றால் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இதுதான். ரோலண்டே 2017இல் கொண்டுவந்த டிஆர்-08 சின்னது. சர்க்யூட்டை டிஜிட்டலில் கணக்கிட்டுத் தருகிறது. யுஎஸ்பி வழியாகத் தனித்தனி டிராக்காகப் பதிவாகும் வசதி அதன் பெரிய பலம், நெருக்கியடித்த குட்டி நாப்கள் அதன் பலவீனம். நேரடி மேடையில் விரல் தடுமாறும்.

பழையதுதான் வேண்டும், ஆனால் இத்தனை செலவு முடியாது என்பவர்களுக்கு 1981இல் வந்த ரோலண்டின் இன்னொரு டிரம் மெஷின் டிஆர்-606 இருக்கிறது. பாஸ் டிரம் மெலிது, கைத்தட்டலும் கவ்பெல்லும் கிடையாது. ஆனால் ஹாட்கள் கூர்மையாக, வெள்ளி போல இருக்கும்; பல பாடல்களில் 808இன் ஹாட்டைவிட நன்றாக உட்காரும். டாம்களிலிருந்து இரண்டு ட்ரிகர் அவுட்புட்கள் உண்டு, அவற்றை வைத்துப் பழைய சிந்தசைசரை ஓட்டலாம். விலையும் 808இன் விலையில் ஒரு சிறு பங்குதான். பாஸ் டிரம்முக்கு சாம்பிள், ஹாட்டுக்கு 606 என்ற கூட்டு பலருக்குப் போதுமானது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பொருளின் விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகையின் மேல்தான் சுங்க வரி போடுவார்கள் என்பதை நினைவில் வைத்துப் பட்ஜெட் போடுங்கள். விற்பவரிடம் மூன்று கோரிக்கைகள் வையுங்கள்: பேட்டரிகளை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும், நாப்களின் மேல் நேரடி அழுத்தம் விழாதபடி முகப்புக்கு மேலே கெட்டியான ஒரு அட்டையைப் பாலம் போல வைத்துக் கட்ட வேண்டும், இரண்டு பெட்டிகளுக்குள் வைத்து, நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு அடைக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் வோல்ட்டை ஒருமுறை பார்த்து, சரியான டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இயக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப் பேட்டரிகளைப் போடுங்கள். பின்னாளில் பேட்டரி மாற்றும்போதும் இதே முறைதான். அணைத்துவிட்டு மாற்றினால் எழுதிய பேட்டர்ன்கள் அத்தனையும் அழிந்துபோகும்.